ஆளில்லாத சேர்வர்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கனடாவிலிருந்து தம்பி அழைத்தான்.

"அக்கா, லிஸ்ற் வெறுமையாக் கிடக்கு. உங்களுக்கும் அப்பிடியே?"

நான் அப்போதுதான் தேநீரோடு மேசைக்கு வந்திருந்தேன். கணினியில் எங்கள் விளையாட்டைத் திறந்து பார்த்தேன். வழக்கமாக வரிசை வரிசையாகச் சேர்வர்களின் பெயர்கள் வந்து இறங்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மூடித் திறந்தேன். அதே வட்டம். ரவுட்டரை நிறுத்திப் போட்டேன். அதே வட்டம்.

"எனக்கும் அப்பிடித்தான்ரா," என்றேன்.

அது பழைய விளையாட்டு. இரண்டு அணிகளாகப் பிரிந்து, இடிந்த கட்டடங்களுக்கிடையே ஓடி, ஒருவர் கொடியை மற்றவர் பறித்துக்கொண்டு வரவேண்டும். அதைச் செய்த நிறுவனத்துக்கு அதில் எப்போதோ அக்கறை போய்விட்டது. ஆனாலும் உலகின் பல மூலைகளிலும் சாதாரண ஆட்கள் தங்கள் கணினிகளில் அதற்கான சேர்வர்களை ஓடவிட்டு வைத்திருந்தார்கள். அந்தச் சேர்வர்களுக்குள் போய்த்தான் மற்றவர்கள் விளையாடுவது. எந்தச் சேர்வர் எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு நிறுவனத்திடம் ஒரு மையப் பட்டியல் இருந்தது. அந்த வாரம் அதை நிறுத்திவிட்டார்கள். சேர்வர்கள் அப்படியே இருந்தன. அவற்றின் முகவரிதான் யாருக்கும் தெரியாமல் போயிற்று. ஊரில் எல்லார் வீட்டிலும் தொலைபேசி இருந்தும் ஒருவர் இலக்கம் மற்றவருக்குத் தெரியாவிட்டால் எப்படியோ, அப்படி.

விளையாட்டுத்தானே, போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். விட முடியாததற்குக் காரணம் தம்பி. அவன் தொலைபேசியில் அம்மாவோடு கதைக்கும்போது சாப்பாடும் குளிரும்தான் கதை. என்னோடும் அப்படித்தான். விளையாடும்போது மட்டும் அவனுடைய வாய் தானாகத் திறக்கும். ஒருநாள் ஒரு சுவருக்குப் பின்னால் இருவரும் பதுங்கியிருக்கையில், "அக்கா, வலப்பக்கம் பாருங்கோ, ஆள் வாறான். எனக்கு வேலை போயிட்டுது அக்கா. வலப்பக்கம், வலப்பக்கம்!" என்றான். அந்த ஆள் என்னைச் சுட்டு விழுத்திவிட்டான். நான் மீண்டும் உயிர் பெற்று வரும்வரையுள்ள நேரத்துக்குள் தம்பி வேலை போன கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டான். நேரே பார்த்துக் கேட்டிருந்தால் ஒரு மாதம் மறைத்திருப்பான்.

நான் யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட, அச்சுவேலியில் இருந்துகொண்டு கொழும்பில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறவள். என் கணவர் நெல்லியடியில் கணிதம் படிப்பிக்கிறார். அம்மா எங்களோடு இருக்கிறார். அன்று மத்தியானம் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன்: "அந்த லிஸ்ற்றை நானே செய்யப்போறன். சின்ன வேலைதான். அடுத்த ஞாயிறுக்குள்ளை முடிஞ்சிடும்."

"நீர் சின்ன வேலை எண்டு சொன்னால் எனக்குப் பயமாக் கிடக்கு," என்றார் அவர், மீன்முள்ளை ஒதுக்கிக்கொண்டே.

வேலையின் கணக்கு உண்மையில் எளியதுதான். ஒரு முகவரிக்கு ஒரு சிறிய கேள்வியை அனுப்பவேண்டும். அங்கே உயிரோடு ஒரு சேர்வர் இருந்தால் அது தன் பெயர், இப்போது ஓடும் களம், உள்ளே எத்தனை பேர் என்பதைப் பதிலாக அனுப்பும். கேள்வி போய்ப் பதில் வர எடுத்த நேரத்தை அளந்தால் அந்தச் சேர்வர் நமக்கு எவ்வளவு தூரம் என்பதும் தெரியும். விளையாடுகிறவர்கள் அதைப் பிங் என்பார்கள். பிங் குறைவாக இருந்தால் சுட்டதும் குண்டு போகும். கூடினால், நீங்கள் செத்து விழுந்த பிறகுதான் உங்கள் துப்பாக்கி வெடிக்கும். முகவரிகளைப் பழைய இணையக் குழுமங்களில் தேடிப் பொறுக்கினேன். இவ்வளவையும் ஒரு சிறிய செயலியாகக் கட்டி, பெயரில் சொடுக்கினால் விளையாட்டுத் திறந்து நேரே அந்தச் சேர்வருக்குள் போகும்படி செய்துவிட்டால் முடிந்தது.

முடியவில்லை.

எங்கள் ஒழுங்கைக்குள் உள்ள வீடுகளுக்கு நல்ல இணைய இணைப்பு இன்னும் வரவில்லை. சிம் போட்ட ஒரு சின்ன ரவுட்டரை யன்னல் ஓரம் வைத்திருக்கிறோம். நான் எல்லா முகவரிகளுக்கும் ஒரேயடியாகக் கேள்விகளை அனுப்பியதும் அது திணறி அப்படியே நின்றுவிட்டது. அறைக்கு வெளியே அம்மாவின் குரல் எழும்பியது.

"எடி பிள்ளை, நாடகம் நிண்டிட்டுது! என்ன செய்யிறாய் உள்ளுக்கை?"

சேர்வர்களிடமிருந்து பாதிப் பதில்கூட வரவில்லை. வராதவை உண்மையிலேயே செத்த சேர்வர்களா, அல்லது பதில் வழியில் தொலைந்ததா என்று சொல்ல முடியாது. ஒருமுறை ஓடவிட்டால் ஒரு பட்டியல் வரும். உடனே மறுபடி ஓடவிட்டால் வேறொரு பட்டியல் வரும். கேள்விகளை மெதுவாக அனுப்பிப் பார்த்தேன். பட்டியல் ஒழுங்காக வந்தது. ஆனால் அது வந்து முடிவதற்குள் முதலில் வந்த சேர்வரில் ஆட்கள் போய்விட்டார்கள். காலையில் தோட்டங்களில் தண்ணீர்ப் பம்புகள் ஓடத் தொடங்கினால் எங்கள் வீட்டு மின்சாரம் தாழ்ந்து ரவுட்டர் தானாக நின்று எழும்பும். அந்த நேரம் எடுத்த பிங் எல்லாம் பொய். சில நாள் பிரேசிலில் உள்ள சேர்வர் சிங்கப்பூரில் உள்ளதைவிடக் கிட்ட என்று என் செயலி காட்டியது. அலுவலகக் கூட்டம் ஒன்றின் நடுவே, பின்னணியில் அதை ஓடவிட்டதை மறந்து நான் கதைத்துக்கொண்டிருந்தபோது படம் உறைந்துவிட்டது. வாய் திறந்தபடி இருந்த என் முகத்தை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததாக மேலாளர் பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார். இனிக் கூட்டங்களுக்கு முன் இணைப்பைச் சரி பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னார். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கமுடியவில்லை.

இறுதியில் தேடும் பகுதியை வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த ஒரு கணினியில் வைத்தேன். அது மணிக்கொருமுறை எல்லாச் சேர்வர்களையும் கேட்டு ஒரு பட்டியலைத் தயாரித்து வைக்கும். வீட்டில் உள்ள செயலி அந்தப் பட்டியலை எடுத்து, நமக்குப் பொருத்தமான சிலவற்றுக்கு மட்டும் பிங் பார்க்கும். சொன்ன ஞாயிறு போய், பிறகு எத்தனையோ ஞாயிறுகள் போன பின், ஒரு காலையில் முழுப் பட்டியலும் அழகாக இறங்கியது. சேர்வர் சேர்வராக, நிறைய ஆட்களோடு. எனக்குத் துள்ளவேண்டும் போலிருந்தது. தம்பியை அழைத்தேன்.

"மேலை முதலாவதாக் கிடக்கிறதுக்கு வா. நிரம்பி வழியுது."

இருவரும் உள்ளே போனோம். அங்கே ஒருவருமில்லை. பெரிய களத்தில் என் தம்பியும் நானும் மட்டும் நின்றோம்.

"அக்கா, எங்கை ஆக்கள்?"

"போயிட்டினம் போல. அடுத்ததைப் பாப்பம்."

அடுத்ததிலும் ஒருவருமில்லை. அதற்கடுத்ததில், உள்ளே நுழைந்த கணமே ஏதோ விளம்பரப் பலகை திறந்து எங்களை வேறொரு சேர்வருக்குத் தள்ளிவிட்டது. அங்கேயும் ஒருவருமில்லை. கூட்டம் இருப்பதாகக் காட்டினால்தான் ஆட்கள் வருவார்கள் என்று சிலர் தங்கள் சேர்வரைப் பொய் சொல்ல வைத்திருந்தார்கள். யாருமில்லாத சேர்வர், தன்னிடம் வீடு நிறைய ஆட்கள் இருப்பதாகப் பதில் அனுப்பும். பெயர்களைக்கூடக் கற்பனையாகச் செய்து அனுப்பும். பழைய மையப் பட்டியல் இவற்றை வடிகட்டிக்கொண்டிருந்தது என்பது அது போனபிறகுதான் எனக்குத் தெரிந்தது. உள்ளே போவதும் வெளியே வருவதுமாக அந்தக் காலை முழுவதும் போயிற்று. தம்பிக்கு அங்கே படுக்கும் நேரமாகிவிட்டது.

"நித்திரை வருது அக்கா. நான் போட்டு வாறன்," என்றான். அவன் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்தக் கோபத்தோடுதான் வடிகட்டியை எழுதினேன். ஒரு சேர்வரைக் கேட்டால், உள்ளே இருக்கிற ஒவ்வொருவரும் எவ்வளவு நேரமாக இருக்கிறார், எத்தனை புள்ளி எடுத்திருக்கிறார் என்பதையும் அது சொல்லும். மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். ஒருவர் வந்து அரைமணி ஆகியிருக்கும். மற்றவர் இப்போதுதான் வந்திருப்பார். ஒருவர் நன்றாக விளையாடுவார். என்னைப் போன்றவர் பூச்சியத்தில் நிற்பார். பொய்ச் சேர்வர்களிலோ எல்லாரும் ஒரே கணத்தில் வந்ததாக இருக்கும், எல்லாருக்கும் புள்ளி பூச்சியமாக இருக்கும். அப்படிப்பட்டதைக் கண்டால் பட்டியலிலிருந்து தூக்கு என்று எழுதினேன். ஒருமுறை தூக்கியதை மறுபடி கேட்டு நேரத்தை வீணாக்காதே என்றும் எழுதினேன். பட்டியல் சுருங்கியது. மிச்சமிருந்தவற்றுக்குள் போனால் ஆட்கள் இருந்தார்கள். தம்பியும் நானும் விளையாடினோம். இனி மற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்று செயலியை இணையத்தில் இலவசமாகப் போட்டேன்.

அதிலிருந்துதான் எனக்குச் சனியன் பிடித்தது.

இறக்கிய ஆட்களில் பாதிப் பேருக்கு வைரஸ் தடுப்பு என் செயலியையே வைரஸ் என்றது. நிறைய முகவரிகளுக்கு இப்படிக் கேள்வி அனுப்புகிற செயலி வேறு எப்படித் தோன்றும்? ஒவ்வொரு தடுப்பு நிறுவனத்துக்கும் விண்ணப்பம் போட்டு, நான் கள்ளி அல்ல என்று நிறுவவேண்டியிருந்தது. ஒருவர் எழுத்தின் நிறம் பிடிக்கவில்லை என்று எழுதினார். ஒருவர் பிங் அதிகம், குறைத்துத் தா என்று எழுதினார். கடலுக்கு அடியில் போகும் கம்பியை நான் இழுத்துக் குறுக்க முடியாது என்று பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தேன். வேறு சிலர், இன்ன சேர்வரை ஏன் மறைத்தாய், யாரிடம் காசு வாங்கினாய் என்று கேட்டார்கள். அவர்களின் வாயை அடைக்க, தூக்கிய சேர்வர்கள் எல்லாவற்றையும் தனியாக ஒரு பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி போட்டு, மேலே 'பொய்ச் சேர்வர்கள்: உள்ளே ஆட்கள் இல்லை' என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிவிட்டேன்.

இந்த இடத்தில் நானாவைப் பற்றிச் சொல்லவேண்டும். முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள், நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். படிக்கும் காலத்தில் அவர் எனக்கு ஒரு வருடம் மூத்தவர். அவருடைய குடும்பம் யாழ்ப்பாணம் ஐந்துசந்திப் பக்கத்தைச் சேர்ந்தது. தொண்ணூறாம் ஆண்டில் இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனம் எல்லாரையும் வெளியேற்றியபோது புத்தளம் போனவர்கள். அவர் பிறந்தது அங்கே, அகதி முகாமில். படிக்க யாழ்ப்பாணம் வந்தவர் பிறகு வாப்பாவோடு இங்கேயே தங்கி, நகரில் கைத்தொலைபேசி திருத்தும் கடை போட்டார். கடையின் பின்பக்கத்தில் ஒரு பழைய கணினியில் எங்கள் விளையாட்டுக்கான சேர்வரை ஓடவிட்டிருந்தார். புத்தளத்தில் உள்ள அவருடைய மச்சான்மாரும் கூட்டாளிகளும் அதில்தான் வந்து விளையாடுவார்கள். எனக்கும் அதுதான் கிட்டிய சேர்வர். தம்பிக்குத் தூரம், ஆனாலும் தமிழில் கத்திக்கொண்டு விளையாடலாம் என்பதற்காக அடிக்கடி வருவான். மின்சாரம் போய் வந்தால் நானாவின் சேர்வருடைய முகவரி மாறிவிடும். மாறிய முகவரியை என் பட்டியலுக்குத் தானாகச் சொல்லும்படி ஒரு சிறிய நிரலை அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தேன்.

ஒரு நாள் அவர் அழைத்தார்.

"தங்கச்சி, எங்கட சேர்வர் உங்கட லிஸ்ற்ல காணேல்ல."

"ரவுட்டரை ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பாருங்கோ நானா."

போட்டுப் பார்த்தார். காணவில்லை. அடுத்த நாளும் அழைத்தார். நான் வைரஸ் தடுப்புக்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் இணைப்பில்தான் ஏதோ பிழை, இணைப்பு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அடித்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் அடித்தார். ஆள் வந்து பார்த்து எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதைச் சொன்னபோது, அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். பிறகு அவர் அழைக்கவில்லை. சரியாகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். பார்க்க எனக்கு நேரமிருக்கவில்லை.

ஒரு பின்னேரம் அவரிடமிருந்து படம் ஒன்று வந்தது. என் பொய்ச் சேர்வர்கள் பக்கத்தின் படம். நடுவே அவருடைய சேர்வரின் பெயரில் சிவப்பால் வட்டம் போட்டிருந்தது. புத்தளத்து மச்சான் ஒருவர் அவருக்கு அனுப்பியிருக்கிறார். நான் அழைத்தேன்.

"நானா, இது பிழையா வந்திட்டுது. உடனை எடுக்கிறன்."

"எடுங்க, எடுக்காம விடுங்க. எனக்கென்ன." அவருக்குப் பின்னால் கடையில் யாரோ கைத்தொலைபேசி உறை கேட்கும் சத்தம் வந்தது. "வீட்டுத்திட்டத்துக்கு எழுதப் போனாலும், நீங்கள் இஞ்ச இருக்கிறேல்லத்தானே எண்டு கேக்கிறாங்க. வாக்குக்குப் பதியப் போனாலும் அதே கேள்வி. வீட்டைப் பூட்டிப்போட்டுப் புத்தளத்தில இருக்கிறீங்களோ எண்டு வந்து எட்டிப் பாக்கிறாங்க. இப்ப விளையாட்டிலயும் ஆள் இல்லையாம். நல்லா எழுதிப் போட்டிருக்கிறீங்க, தமிழில வேற."

"மெசின் செய்த பிழை நானா," என்றேன்.

"மெசினுக்கு யார் சொல்லிக்குடுத்தது தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு, வாடிக்கையாளர் நிற்கிறார் என்று வைத்துவிட்டார்.

அவருடைய சேர்வரை அந்தப் பக்கத்திலிருந்து கையாலேயே எடுத்தேன். அடுத்த மணியில் என் நிரல் அதை மறுபடி கொண்டுபோய் அங்கேயே போட்டது. எடுத்தேன். போட்டது. முதலில் அவமானமாக இருந்தது, பிறகு நான் எழுதிய நிரல்மீதே வெறி வந்தது. ஆட்கள் உண்மையாகவே விளையாடுகிற சேர்வர் அது. அவர்களில் பலரின் குரல் எனக்குத் தெரியும். அதை எந்தக் கணக்கில் பொய் என்கிறது? வீட்டிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணம் பஸ் ஏறினேன்.

கடையில் நானா முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் ஒரு கதிரையை இழுத்துப் பின்பக்கத்தில் போட்டார். பாலில்லாத பிளேன்ரீ ஒன்றும் வந்தது. "பாருங்க," என்று சேர்வர் ஓடும் கணினியைக் காட்டிவிட்டு முன்னால் போய்விட்டார். நான் உள்ளே இருந்தவர்களின் நேரங்களையும் புள்ளிகளையும் என் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிழையுமில்லை. மனிதர்களுடைய கணக்கு. என் நிரல் ஏன் இதை ஏற்கவில்லை என்று எனக்குத் தலையைப் பிய்க்கவேண்டும் போலிருந்தது.

அப்போது பக்கத்துக் கட்டடத்தில் சர்ரென்று ஒரு சத்தம். மின்குமிழ் மங்கியது. சேர்வர்க் கணினி அணைந்து, தானாக மறுபடி எழும்பியது.

"உது என்ன நானா?"

"வெல்டிங் கடை," என்றார் அவர் முன்னாலிருந்து, திரும்பாமலே. "அவர் பத்த வைக்கேக்க எங்கட வோல்ற்றேஜ் விழும். யூபிஎஸ் பழுதாப் போச்சு. ஒரு நாளைக்கு எத்தினை தரம் விழும் எண்டு எனக்கே தெரியா."

சேர்வர் எழும்பியது. புத்தளத்தில் காத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உள்ளே பாய்ந்தார்கள். என் திரையில் எல்லாருடைய நேரமும் ஒன்று. எல்லாருடைய புள்ளியும் பூச்சியம். நான் தூக்கச் சொன்னது இதைத்தான். ஒருமுறை அப்படிக் கண்டுவிட்டு, பிறகு திரும்பியும் பார்க்காதே என்றும் நான்தான் சொல்லியிருந்தேன். நான் அந்தப் பக்கத்தில் இருந்து எடுத்தாலும், வெல்டிங்காரர் பத்தவைத்த கையோடு என் நிரல் வந்து கேட்டால் அது பழையபடி அங்கே போய்விடும்.

நானாவை வரச்சொல்லிக் காட்டினேன். அவர் மேசையில் கையூன்றிக் குனிந்து பார்த்தார்.

"அப்ப கரண்ட் நிண்டு நிண்டு வாற இடத்தில இருக்கிற ஆக்கள் எல்லாம் உங்கட கணக்கில பொய்யோ?"

"இப்ப வரைக்கும் அப்பிடித்தான் நானா."

அவர் சிரிக்கவில்லை. "மாத்துங்க," என்றார்.

மாற்றுவது என்று சொல்வது எளிது. அந்த விதியை எடுத்துவிட்டால் எல்லாப் பொய்ச் சேர்வர்களும் உடனே பட்டியலின் உச்சியில் வந்து குந்தின. வேறு விதி எழுதினேன்: பெயர்களைப் பார். அது ஏதோ ஒரு நாட்டில், எல்லாரும் ஒரே குழுப் பெயரை முன்னால் போட்டு விளையாடும் ஒரு நல்ல சேர்வரைத் தூக்கிவிட்டது. அவர்கள் எனக்கு எழுதிய கடிதத்தை மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு, மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம் என்று நினைத்தேன். அடிக்கடி கேட்டுப் பார்க்கலாம் என்றால், அடிக்கடி கேட்பதைத் தாக்குதல் என்று எண்ணிச் சில சேர்வர்கள் என்னைத் தடைசெய்தன. பொய் சொல்கிறவர்களும் சும்மா இருக்கவில்லை. நேரத்தையும் புள்ளியையும் கலைத்து அனுப்பப் பழகிவிட்டார்கள். அவர்களுடைய போலி ஆட்கள், நானாவின் மச்சான்மாரைவிட மனிதர்களைப் போல இருந்தார்கள்.

ஒரு பின்னேரம் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு கணவரிடம் இதையெல்லாம் கொட்டினேன். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"வெளியிலை நிண்டு பாத்து ஆர் உண்மை ஆர் பொய் எண்டு சொல்லலாம் எண்டு நான் நினைக்கேல்லை," என்றார். "உம்மடை செயலியாலை ஆக்கள் உள்ளுக்குப் போகினம்தானே. அவையள் நிக்கினமோ, உடனை திரும்பி வருகினமோ?"

எனக்கு அவர்மீதும் கோபம் வந்தது. அது சரியான கேள்வி என்பதால். என்றாலும் அதைத்தான் செய்தேன். செயலியைப் பாவிக்கிறவர்களிடம் சம்மதம் கேட்டு, யாராவது ஒரு சேர்வருக்குள் போய்ச் சற்றுநேரம் நின்று விளையாடினார்களா என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆட்கள் தங்கியவை மேலே வரும். மற்றவை கீழே. பொய்ச் சேர்வர்கள் பக்கத்தை முழுவதுமாக அழித்தேன். எதையும் பொய் என்று சொல்கிற வேலையே வேண்டாம் என்று விட்டேன். இதற்கும் குறை வந்தது: புதிதாகத் தொடங்கியவர்கள், எங்களிடம் யாரும் வராததால் கீழே கிடக்கிறோம், கீழே கிடப்பதால் யாரும் வருவதில்லை என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மை. அவர்களுக்காகத் தனியாக ஒரு சிறிய பகுதி செய்தேன். அதற்குள் முதலில் புகுந்தவர்கள் பொய்யர்கள்.

நானாவின் சேர்வர் மேலே வந்தது. நான் ஒரு யூபிஎஸ் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கப் பார்த்தேன், வேண்டாம் என்றுவிட்டார். சில வாரம் அவர் விளையாட வரவேயில்லை. புத்தளத்துக்காரர் மட்டும் வந்தார்கள். பிறகு ஒரு ஞாயிறு அவருடைய குரல் கேட்டது. சேர்வரின் பெயரை மாற்றியிருந்தார்: 'ஆக்கள் இருக்கினம் சேர்வர்'. கனடாவிலிருந்து தம்பி அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். நானாவும் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. இப்போதும் அவர் என்னோடு நன்றாகத்தான் கதைக்கிறார், கடைக்குப் போனால் பிளேன்ரீ தருகிறார். ஆனால் முன்பு சேர்வரில் ஏதாவது பிழை வந்தால் முதலில் எனக்குத்தான் அடிப்பார். இப்போது தானாகவே பார்த்துக்கொள்கிறார்.

தம்பிக்குப் புது வேலை கிடைத்தது. நல்ல வேலை. சனி, ஞாயிறுகளில்தான் அதிகம் போகவேண்டும். எனக்கு விடுமுறையான நாளில் அவன் பண்டசாலையில் பாரந்தூக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறான்; அவன் ஓய்வாக இருக்கும் நேரத்தில் நான் மேலாளரோடு கூட்டத்தில் இருக்கிறேன். அவனோடு விளையாடுவதற்காகச் செய்த செயலியில் இப்போது யார் யாரோ சேர்ந்து விளையாடுகிறார்கள், நாங்கள் இருவரும்தான் இல்லை. தொலைபேசியில் அவன் பழையபடி அம்மாவோடு குளிரைப் பற்றிக் கதைக்கிறான். நான் வாங்கி, "வேலை எப்பிடிப் போகுது?" என்று கேட்டால், "போகுது அக்கா" என்கிறான். அதற்குமேல் இழுக்க எனக்குத் தெரியவில்லை.

போன கிழமை கணவர் கேட்டார். "உதை மூடிவிட்டால் என்ன? நீங்கள் ரெண்டு பேரும் விளையாடுறதும் இல்லை. உமக்கு ஒவ்வொரு நாளும் தலையிடி."

"மூடலாம்தான்," என்றேன்.

மறுநாள் காலை, புதிய விண்டோஸ் பதிப்பில் செயலி திறக்கவே இல்லை என்று முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். மரியாதைக்குக்கூட ஒரு வணக்கமில்லை. எத்தனை ஆச்சரியக்குறி போட முடியுமோ அத்தனையும் போட்டிருந்தார். இன்னொரு கடிதம் வரும்வரை பேசாமல் இருப்போம் என்று சோறு வடித்தேன், அம்மாவுக்கு மருந்து கொடுத்தேன். பிறகு எரிச்சலோடு மடிக்கணினியைத் திறந்து, என்ன பிழை என்று பார்க்கத் தொடங்கினேன்.